கிழிந்த தசைக்கு வளர்ச்சிப் புரத ஊசி போட்டால் என்ன ஆகும்?

வணக்கம் நண்பர்களே. தசைக் கிழிவைப் பற்றிப் பேசினாலே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "வளர்ச்சியைத் தூண்டுகிற புரதம் இருக்கிறதாமே, அதை ஊசியாகப் போட்டுக்கொண்டால் சீக்கிரம் ஆறிவிடாதா?" என்று. நியாயமான கேள்விதான். ஜிம்மில் கரைத்துக் குடிக்கிற பவுடரை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் பேசப்போவது குரோத் ஃபேக்டர்கள் பற்றி. செல்களுக்கு 'விழித்துக்கொள்', 'பெருகு', 'போதும், முதிர்ந்துவிடு' என்று சேதி சொல்கிற புரதங்கள். இவற்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்குகிறேன். தசையின் குறுக்குவெட்டு. ஒவ்வொரு வட்டமும் ஒரு தசை இழை, ஊதாப் புள்ளிகள் உட்கருக்கள். எல்லாம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன பாருங்கள், இது அடிபடாத தசை. இப்போது அடுத்த படம். புள்ளி நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறதா? இந்த இழை அழிந்து, திரும்பப் புதிதாக உருவானது. எலித் தசையில் இந்த அடையாளம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

உருவாக்கியது யார்? சாட்டிலைட் செல்கள். 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ தவளையின் கால் தசையை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, இழைக்கும் அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறைக்கும் நடுவே இவை ஒண்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். சாதாரண நாளில் இவை தூங்கிக்கொண்டிருக்கும். தசை கிழிந்ததும், இழைகளைச் சுற்றியுள்ள வலைப்பின்னலில் ஒட்டியிருந்த ஹெச்.ஜி.எஃப். என்ற புரதம் விடுபட்டு வந்து இவற்றை எழுப்புகிறது. எஃப்.ஜி.எஃப்-2 பெருக வைக்கிறது. ஐ.ஜி.எஃப்-1 பெருகவும் உதவும், பெருகியவை ஒன்றோடொன்று இணைந்து இழையாகவும் உதவும். இதற்குள் மேக்ரோபேஜ்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து செத்த சதையைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்கின்றன. பிறகு அவையே குணம் மாறி, வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. வீக்கம் என்று நாம் திட்டுகிற சமாச்சாரத்துக்குள் இவ்வளவு வேலை நடக்கிறது.

அப்படியானால் ஊசி போட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். அடிபட்ட எலித் தசையில் ஹெச்.ஜி.எஃப்-ஐச் செலுத்திப் பார்த்தார்கள். செல்கள் பெருகின, ஆனால் இழையாக மாறுவது தடைப்பட்டது. 'பெருகு' என்று சொல்கிற சேதி, கூடவே 'இப்போதைக்கு முதிராதே' என்றும் சொல்கிறது. அது ஓய வேண்டிய நேரத்தில் ஓயாவிட்டால் வேலை முடியாது. செடிக்கு உரம் போடுகிற கணக்கு இதில் செல்லாது. இன்னொரு பக்கம் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதம். இது மிஞ்சினால் தசை இருக்க வேண்டிய இடத்தில் தழும்பு வந்துவிடும். தழும்பு சுருங்கி விரியாது.

ஊசியில் போட்ட புரதம் அந்த இடத்தில் அதிக நேரம் தங்குவதும் இல்லை. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் ஜெல் பக்கம் போனார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கிற ஆல்ஜினேட் ஜெல்லில், ரத்தக்குழாய்களை வளர்க்கும் வி.ஈ.ஜி.எஃப்-ஐயும் ஐ.ஜி.எஃப்-1-ஐயும் சேர்த்து, ரத்த ஓட்டம் குறைந்த எலிக்காலில் வைத்தார்கள். 2010-இல் வந்த ஆய்வு. மெதுவாகக் கசிந்த இரண்டும் சேர்ந்து, தனித்தனியாகக் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தன. எனக்கு நம்பிக்கை தருவது இந்த வழிதான். அதுவும் விபத்திலோ போரிலோ ஒரு பெரிய துண்டுச் சதையே போய்விட்டவர்களுக்கு. அங்கே உறையும் இல்லை, சாட்டிலைட் செல்லும் இல்லை. தாங்கிப்பிடிக்க ஏதாவது வைத்தே ஆக வேண்டும்.

விளையாட்டு வீரர்கள் போட்டுக்கொள்ளும் பி.ஆர்.பி. ஊசிக்கு வருவோம். சொந்த ரத்தத்தின் பிளேட்லெட்டுகளைச் செறிவாக்கி ஏற்றுவது. அதில் ஐ.ஜி.எஃப்-1 இருக்கிறது, சரி. தழும்பு போடும் டி.ஜி.எஃப்-பீட்டாவும் இருக்கிறதே! நெதர்லாந்தில் ஹாம்ஸ்ட்ரிங் என்ற பின்தொடைத் தசை கிழிந்த 80 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2014-இல் வந்தது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட பி.ஆர்.பி. போட்டவர்கள் சீக்கிரம் களத்துக்குத் திரும்பவில்லை. தனியாகப் பிரித்த ஐ.ஜி.எஃப்-1, ஹெச்.ஜி.எஃப். போன்றவையோ ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. போட்டிகளில் ஆடுகிறவர்கள் கவனம்.

ஊசியே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது, தசையை அசைப்பது. ஆய்வகத்தில் சாட்டிலைட் செல்களை இழுத்து விட்டாலே ஹெச்.ஜி.எஃப். வெளிவருகிறது. இதோடு, டென்மார்க்கில் தொடை, கெண்டைக்கால் தசை கிழிந்த 50 பேரை வைத்து நடத்தி 2017-இல் வெளியிட்ட சோதனையைச் சேர்த்துப் பாருங்கள். அடிபட்ட 2-ஆம் நாளே பயிற்சியைத் தொடங்கியவர்கள் நடுமதிப்பாக (மீடியன்) 62.5 நாளில் விளையாட வந்தார்கள். 9-ஆம் நாள் தொடங்கியவர்களுக்கு 83 நாள் ஆனது. இதற்குக் காரணம் ஹெச்.ஜி.எஃப்.தான் என்று அந்தச் சோதனை காட்டவில்லை, நானும் முடிச்சுப் போடவில்லை. ஆனால் பிசியோ 'மெதுவாக அசைக்க ஆரம்பிக்கலாம்' என்று சொன்னால், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.