தலைப்பிரசவம்: வலி வர மருந்து வைத்தால் சிசேரியன்தானா?

[திரையில்: நாட்காட்டி. 39-ஆம் வாரத்தைச் சுற்றி ஒரு வட்டம்.]

“பிரசவ வலி வர மருந்து வைத்தாலே கடைசியில் ஆபரேஷன்தான்.” தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணின் காதில் இது எப்படியாவது விழுந்துவிடுகிறது. இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. பழைய ஆய்வுகள் பலவற்றில், மருந்து வைத்தவர்களைத் தானாக வலி கண்டவர்களோடு ஒப்பிட்டார்கள். மருந்து வைத்தவர்களுக்கே சிசேரியன் கூடுதலாக இருந்தது.

ஆனால் வலியே வராத பெண்ணால் ‘இன்றைக்குத் தானாக வரட்டும்’ என்று முடிவு செய்ய முடியுமா? மருந்து வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் காத்திருக்கலாம். காத்திருந்தால் சிலருக்கு வலி வரும். சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறும். சிலருக்கு நாள் தள்ளிப்போய், அப்போதும் மருந்துதான்.

[திரையில்: இரண்டு வரிசைகளாகக் கர்ப்பிணிகளின் உருவங்கள்]

2018-இல் வெளியான அமெரிக்காவின் ‘அரைவ்’ ஆய்வு இந்த இரண்டையும்தான் ஒப்பிட்டது. 41 மருத்துவமனைகள், சிக்கல் இல்லாத தலைப்பிரசவப் பெண்கள் 6,106 பேர். 39-ஆம் வாரத்திலேயே மருந்து வைக்கும் பிரிவில் சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்த பிரிவில் 22.2. ரத்த அழுத்தக் கோளாறும் மருந்து வைத்த பிரிவில்தான் குறைவு: 9.1 சதவீதம், காத்திருந்த பிரிவில் 14.1. குழந்தைகளின் கடும் பாதிப்பில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பிரசவ அறையில் இருந்த நேரம் மட்டும் கூடியது.

[திரையில்: கருப்பை வாய், நெருக்கத்தில்]

அந்த நேரம் எதற்கு? பழுக்காத கருப்பை வாய் மூக்கு நுனி போல விறைப்பாக இருக்கும். பழுத்தால் உதடு போல மெத்தென்று ஆகும். அதற்காக ஜெல்லோ மாத்திரையோ வைப்பார்கள், அல்லது சின்ன பலூனை உள்ளே வைத்து நீர் நிரப்புவார்கள். அப்புறம்தான் பெரும்பாலும் வலியை வரவைக்கும் ஆக்சிடோசின் டிரிப்ஸ். முதல் பிரசவத்தில் 6 சென்டிமீட்டர் திறக்கும்வரை எல்லாம் மெதுவாகத்தான் போகும். அதற்குள் பொறுமை இழந்தால், தேவையில்லாத ஆபரேஷனில் போய் முடியும். தாயும் சேயும் நலமாக இருந்தால் 24 மணி நேரமோ அதற்கு மேலோ பொறுக்கலாம். பனிக்குடம் உடைந்த பிறகும் ஆக்சிடோசினை 12 முதல் 18 மணி நேரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே டாக்டரிடம், “எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்ப்பீர்கள்?” என்று அவசியம் கேளுங்கள்.

சரி, முன்கூட்டியே வைத்தால் இன்னும் நல்லதா? இல்லை. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் வேண்டாம். குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடும். தேதிக் கணக்கு தவறினால் 39 என்று நினைப்பது 37-ஆகக்கூட இருக்கலாம். அதனால் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, பேச்சைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.