பால் பல் கடி

அன்பு வானொலி நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறவர்கள் உங்கள் மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்கள், மெல்லிசாக நாலு கோடு கீறியிருக்கும். வேட்டி நுனியில் ஓட்டை இருக்கும். அந்தக் கடியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் பால் பல் முளைக்கத் தொடங்கும். மொத்தம் 28. ஒவ்வொன்றும் ஊசி. குட்டிக்குக் கை கிடையாது பாருங்கள், செருப்போ கயிறோ உங்கள் விரலோ, எதையும் அது வாயால்தான் தொட்டுப் பார்க்கும், வாயால்தான் விளையாடும். அதனால் கடிக்கிற குட்டி எல்லாம் கோபக்காரக் குட்டி என்று நினைத்துவிட வேண்டாம். எவ்வளவு அழுத்தினால் நமக்கு வலிக்கும் என்று அதற்கு இன்னும் தெரியவில்லை.

எங்கள் கரிசல் பக்கத்தில் சிப்பிப்பாறை, கன்னி என்கிற நாட்டு நாய்களை வளர்ப்பார்கள். நான் முதன்முதலில் வளர்த்த சிப்பிப்பாறைக் குட்டியை 30-ஆம் நாளே துண்டில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டேன். கண் திறந்துவிட்டது, பால்சோறு நக்குகிறது, அப்புறம் என்ன என்று கொடுத்தவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அது கடித்த கடி கொஞ்சநஞ்சமல்ல. விளையாட்டுக்குக் கவ்வினாலும் பல் இறங்கிவிடும். அம்மா கொல்லைப்பக்கம் போவதற்கே கையில் முறம் எடுத்துக்கொண்டு போனார், காலுக்கு மறைப்பாக.

அடுத்த குட்டி எடுக்கப் போனபோது ஒரு மத்தியானம் முழுக்க அந்த வீட்டு வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாக்கில் ஐந்து குட்டி. அதில் கறுப்புக்குட்டி ஒன்று பக்கத்துக் குட்டியின் காதைப் பிடித்து இழுத்தது. அது வீலென்று கத்திவிட்டு எழுந்து தள்ளிப்போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. கறுப்புக்குட்டி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, வாலைக் கூட ஆட்டவில்லை. பிறகு மெதுவாகப் போய் அதே காதை மறுபடியும் கவ்வியது, ஆனால் இந்த முறை உதட்டால் பிடித்த மாதிரி அவ்வளவு மென்மையாக. பால் குடிக்கும்போதும் அப்படித்தான். ஏதோ ஒன்று பல்லால் அழுத்திவிட்டது போல, தாய் சட்டென்று எழுந்து நடந்தது, தொங்கிக்கொண்டிருந்த குட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. அடிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடித்தால் விளையாட்டு இல்லை, கடித்தால் பால் இல்லை. நான் முதல் குட்டியைத் தூக்கிவந்தபோது இந்தப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

அதனால்தான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன், எட்டு வாரம் ஆகாமல் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். 56 நாள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது. குட்டி சின்னதாக இருந்தால்தான் நம்மோடு ஒட்டும் என்பார்கள். எட்டு வாரத்தில் வந்த குட்டியும் நன்றாக ஒட்டும்.

சரி, குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இனி அந்தக் கூடப்பிறந்த குட்டியின் வேலையை நாம் செய்ய வேண்டும். பல் அழுத்தினால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் துரத்தும். கையைத் தளர விடுங்கள். அது வாயை விட்டதும் எழுந்து போய்விடுங்கள், அரை நிமிடம் போதும். திரும்பி வந்து ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கொடுங்கள், அதைக் கடிக்கட்டும். சிலர் ‘ஆ’ என்று கத்தச் சொல்வார்கள். சில குட்டி அதற்கு நின்றுவிடும், சில குட்டி இன்னும் துள்ளும், உங்கள் குட்டி எது என்று இரண்டே நாளில் தெரிந்துவிடும். முக்கியமானது, வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். காலையில் அண்ணன் அதோடு கையால் மல்லுக்கட்டி விளையாடிவிட்டு, சாயங்காலம் அதே கையைக் கடித்ததற்கு அப்பா திட்டினால் அதற்கு என்ன புரியும்?

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்று. என் பேத்தி பாவாடை பறக்க ஓடுவாள், கீச்சென்று கத்துவாள், குட்டிக்கு அதைவிட நல்ல விளையாட்டு வேறு இல்லை. மரம் மாதிரி நில்லு கண்ணு, கையை நெஞ்சோடு கட்டிக்கோ என்று சொல்லிக்கொடுத்தோம். ஒரு வாரம் பக்கத்தில் நின்று பழக்கினோம். ஒருநாள் முற்றத்திலிருந்து, “தாத்தா, நான் மரமாயிட்டேன், அது போயிடுச்சு” என்று அவளே கூப்பிட்டுச் சொன்னாள். ஆனாலும் சின்னப் பிள்ளையையும் குட்டியையும் தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அடி வாங்கிய குட்டி கையைக் கண்டு பயப்படும், பயந்தது பெரிதானபின் நிஜமாகவே கடிக்கும். உறுமினால் அடிப்பதும் அப்படித்தான், உறுமலை நிறுத்திவிடும், கடியை நிறுத்தாது. எழுந்து போய்விடுங்கள், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் வெறி பிடித்த மாதிரி ஓடிக் கடிக்கிற குட்டிக்குப் பெரும்பாலும் தூக்கம்தான் குறை, நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும், அமைதியான மூலையில் படுக்க விடுங்கள். நாலாவது மாதம் பல் விழுந்து முளைக்கும்போது ஈறு ஊறும், ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஆறேழு மாதத்தில் 42 பல்லும் வந்துவிடும்.

கடைசியாக, நிதானமாகச் சொல்ல நினைத்திருந்த விஷயம். பால் பல்தானே என்று கீறலை அப்படியே விடாதீர்கள். தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, தேதியைக் காலண்டரில் இன்றைக்கே குறித்து வையுங்கள். வணக்கம்.