தப்பிக்கொள்ளும் போக்கு நம் ஊரில் எங்கே?

(காட்பாடிப் பக்கத்துக் கிராமத் திருச்சபை ஒன்றில் லெந்துகால (தவக்கால) மாலைக் கூட்டத்தில் பேசியது)

மதிப்புக்குரிய ஆயர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அம்மா அவர்களே, வாலிபர் சங்கத் தம்பிகளே, பாடகர் குழுவினரே, உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வேற்று மதத்தவராக இருந்தும் நம் அழைப்பை மதித்து முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். அவர் வந்ததில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். வேலூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயாவையும், மைக் செட் போட்டுத் தந்த தம்பியையும் மறக்கக் கூடாது.

சோதனையை மேற்கொள்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மூன்று காரியம் வைத்திருக்கிறேன். சோதனை வரும் நேரம், சோதனையில் நமக்குத் துணை, ஜெயித்த பிறகு வரும் பெருமை.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வருஷக்கணக்காக மணலாகவே கிடந்த ஆறு, 2021 நவம்பரில் எப்படி வந்தது என்று பார்த்தீர்கள். அன்றைக்கு மண் மூட்டை தேடி என்ன பயன்?

நம் ஆண்டவர் இயேசுவைப் பாருங்கள். நாற்பது நாள் உபவாசம் முடிந்து பசி உண்டான பிறகுதான் சோதனைக்காரன் கல்லைக் காட்டி அப்பமாக்கச் சொல்கிறான். ஆண்டவர் புதிதாக எதையும் யோசித்துச் சொல்லவில்லை. அவர் கொடுத்த மூன்று பதிலும் உபாகமப் புஸ்தகத்து வசனங்கள். பசி வருவதற்கு வெகு முன்பே உள்ளத்தில் பதிந்திருந்த வசனங்கள் அவை. தாவீதுக்கு அப்படி இல்லை. ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகிற காலத்தில் அவன் எருசலேமிலேயே இருந்துவிட்டான். சாயங்காலம் உப்பரிகையில் உலாவினான். தன் போர்வீரன் உரியாவின் மனைவிமேல் கண் போனது, அப்புறம் கால் போனது, கடைசியில் உரியாவின் உயிரும் போனது. அணை போட வேண்டிய இடம் அந்த உப்பரிகைப் படிதான்.

சரி, துணைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். தங்கமான மனுஷன். கன்வென்ஷன் கூட்டம் என்றால் முதல் ஆளாக முழங்கால் போட்டு, இனி தொடமாட்டேன் ஆண்டவரே என்று அழுவார். அது நடிப்பே இல்லை, உண்மையான கண்ணீர். ஆனால் சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார். இறங்குகிற நிறுத்தத்துக்கு நேர் எதிரே டாஸ்மாக். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவருடைய இடம் காலியாக இருக்கும். ஊரில் எல்லாரும் விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். உபதேசியார் மட்டும், "தம்பி, முந்தின நிறுத்தத்தில் இறங்கி ஏரிக்கரை வழியாக நட" என்றார். நல்ல யோசனை. ஆனால் பஸ்ஸிலேயே கூட்டாளிகள் இருந்தார்கள், இறங்க விடவில்லை.

ஒரு சனிக்கிழமை அவருடைய மனைவி பெண்கள் சங்கத்து அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு நிறுத்தத்துக்கே போய்விட்டார். பஸ் வந்தது. இவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். முன்படியில் மனைவி, மாமியார், ஓய்வுநாள் பள்ளி டீச்சர் என்று எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். மெதுவாகப் பின்படிக்கு நழுவினார். அங்கே தொண்ணூறு வயதைத் தொடப்போகும் பாட்டியம்மா கையில் பாட்டுப் புஸ்தகத்தோடு நின்று, "வாடா ராஜா, உனக்காகத்தான் நிக்கிறேன்" என்றார்களாம். பஸ்ஸே சிரித்திருக்கிறது. கண்டக்டர் விசில் அடிக்க மறந்துவிட்டார். அந்தப் பாட்டியம்மாவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போக எந்த ஆண்பிள்ளைக்குத் தைரியம் வரும்? அடுத்த சனியும் நின்றார்கள், அதற்கடுத்த சனியும் நின்றார்கள். இப்போது அந்தச் சகோதரரே வேறு இரண்டு பேருக்காக அங்கே போய் நிற்கிறார்.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் சீஷர்களிடம், "நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டார். தேவகுமாரனே அந்த இரவில் துணை கேட்டார். சீஷர்கள் தூங்கிவிட்டார்கள். நாமும் தூங்கிக்கொண்டு, விழுந்தவனை மட்டும் குறை சொல்கிறோம். சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அந்தப் போக்கு சனிக்கிழமை சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற நீங்களும் நானும்தான் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

தன் சுய இச்சையினாலேதான் மனிதன் சோதிக்கப்படுகிறான் என்று யாக்கோபு சொல்லவில்லையா, கடையைக் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்பீர்கள். இச்சை அவனுடையது. கடையை அங்கே வைத்தது அவன் இல்லையே. "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று தினமும் ஜெபிக்கிற நாம், சோதனையை நிறுத்தத்துக்கு எதிரே வைக்க விடலாமா?

1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1939இல் அது நம் வட ஆற்காட்டுக்கும் வந்தது. ராஜதானி முழுவதும் வருவதற்கு முன்பே கள்ளுக்கடை மூடிய மண் இது. 1971இல் கடைகள் திறந்தன. இடையில் மூடினார்கள், மறுபடியும் திறந்தார்கள். 2003 முதல் அரசாங்கமே சில்லறையில் விற்கிறது. கோயிலுக்கும் பள்ளிக்கும் நகரத்தில் 50 மீட்டர், கிராமத்தில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கூலிக்காரன் இறங்கும் பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நெடுஞ்சாலைக் கடைகளை 500 மீட்டர் தள்ளச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது கடைகள் இடம் மாறியதைப் பார்த்தோம். மாற்ற முடியாத இடம் என்று ஒன்றும் இல்லை.

ஆகவேதான் பஞ்சாயத்துத் தலைவர் ஐயா வந்ததில் எனக்குச் சந்தோஷம். மே 1 அன்று கிராமசபை. தொழிலாளர் தினம், கடையும் அன்றைக்கு மூடியிருக்கும். நிறுத்தத்திலிருந்து கடையை அகற்ற வேண்டும் என்ற தீர்மானத்தை அன்றைக்கே வைக்க வேண்டும். இந்துக்கள், முஸ்லிம்கள் வீட்டு அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்கள் வீட்டிலும் இதே கண்ணீர்தான். தீர்மானம் போட்டாலும் கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாக நடக்க வேண்டியிருக்கும். நடப்போம். வெள்ளம் வருமுன் அணை போடு என்று சும்மாவா சொன்னார்கள்?

மூன்றாவது காரியத்துக்கு நேரமில்லை, ஆயர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஜெயித்த பிறகு வரும் பெருமையைப் பற்றி அவரே பெரிய வெள்ளிக்கு முன் ஒரு நாள் பேசித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடையை அகற்றக் கேட்கும் மனுத் தாள் சபைச் செயலாளரிடம் இருக்கிறது. கையெழுத்து, முகவரி இரண்டையும் தெளிவாக எழுதுங்கள். சனிக்கிழமை நிற்கிறவர்களுக்கான பட்டியல் பெண்கள் சங்கத் தலைவி அம்மாவிடம் இருக்கிறது. அதில் அந்தச் சகோதரரைத் தவிர இன்னும் ஒரு ஆண் பெயர்கூட ஏறவில்லை. வாலிபர் சங்கத் தம்பிகள் போவதற்கு முன் எழுதிவிட்டுப் போங்கள்.