கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்

நண்பர்களே, வணக்கம். பகுத்தறிவு மேடைகளில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எலுமிச்சம்பழம் கட்டுகிறவரைக் கிண்டல் செய்வோம், கூட்டம் சிரிக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போவோம். நானும் பல வருடம் அப்படித்தான் பேசினேன். இன்று வேறொன்று கேட்கிறேன். நேற்று நிதானமாக யோசித்த அதே மனிதர் இன்று ஏன் யோசிக்க மறுக்கிறார்?

முதல் உலகப் போர்க் காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர், நியூ கினியாவுக்குக் கிழக்கே உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தார். அங்கே காயலில் மீன் பிடிக்க மந்திரம் கிடையாது. ஆபத்தில்லை, போனால் மீன் நிச்சயம். ஆழ்கடலுக்குப் போவதென்றால்தான் சடங்கு மேல் சடங்கு. கடல்தான் மாறுகிறது, போகிற ஆட்கள் அதே ஊர்க்காரர்கள்தான்.

சரி, தீவை விடுங்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் வாருங்கள். அங்கே 464 கரும்பு விவசாயிகளை ஓர் ஆய்வுக் குழு சந்தித்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் செய்த அந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒவ்வொருவருக்கும் அறுவடைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை சோதனை வைத்தார்கள். ‘5 5 5’ என்று எழுதியிருக்கும். எத்தனை எண்கள் என்று கேட்பார்கள். மூன்று என்று சொல்ல வேண்டும், நாக்கு ஐந்து என்று ஓடும். அறுவடைக்கு முன் தடுமாறியவர்கள், பணம் கைக்கு வந்தபின் வேகமாகவும் பிழை குறைவாகவும் சொன்னார்கள். வெயில், மழை என்று காரணம் சொல்லவும் வழியில்லை. ஆலையால் எல்லாக் கரும்பையும் ஒரே நேரத்தில் அரைக்க முடியாது. அதனால் வெட்டு ஒருவருக்கு முன்னே வரும், அடுத்த வயல்காரருக்கு மாதங்கள் தள்ளி வரும். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்பு, 4 பேர்.

இந்த இரண்டு எண்களைப் படித்த பிறகு எனக்குக் கிண்டல் வரவில்லை. வட்டியும் மீட்க வேண்டிய நகையும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது, எதிரே நின்று ‘ஆதாரம் என்ன, யோசி’ என்றால் அவர் எதைக்கொண்டு யோசிப்பார்? நாம் மாதச் சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் பணம்தான் எல்லாம் என்று முடித்துவிட்டால் அது பாதி உண்மைதான். வசதியானவரையும் அவரைச் சுற்றியுள்ளவர்கள் வளைத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர், தீவிர நாத்திகர், மகளுக்கு ஜாதகமே எழுதவில்லை. வரன் பார்க்கத் தொடங்கியதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “நட்சத்திரம் என்னங்க?” மூன்று இடம் தட்டிப்போனது. நாலாவது வீட்டார் வருவதற்குள் மருத்துவமனைச் சீட்டைத் தேடிப் பிறந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டர் ஜாதகம் எடுத்துவிட்டார்.

“நம்பிக்கை வந்துடுச்சா, சார்?” என்றேன்.

“நம்பிக்கையா? என் கொள்கைக்கு அவ எதுக்குப்பா விலை கொடுக்கணும்?” என்றார்.

பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறதாம். அவராகவே சொன்னார். மீதி இரண்டு எது என்று ஜோசியரிடம் கேட்டீர்களா என்றேன்.

கேட்டிருக்கிறார்.