ஆடப்படாத நகர்வு

அவையோருக்கு வணக்கம்.

இந்த மாலை முழுவதும் ஒரே ஒரு சதுரங்க ஆட்டத்தைப் பார்க்கப்போகிறோம். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே ஊரில், டாடா ஸ்டீல் போட்டியில், லெவோன் அரோனியனுக்கு எதிராக விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஆட்டம் அது. அப்போது ஆனந்த் உலக சாம்பியன், வயது 43. அரோனியனோ ஆட்டத்திறன் தரமதிப்பில் 2800 புள்ளிகளைக் கடந்த மிகச் சிலரில் ஒருவர். அப்படிப்பட்டவர் வெள்ளைக் காய்களுடன் 23 நகர்வுகளில் தோற்றார்.

இந்த 23 நகர்வுகளையும் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் தட்டிப் பார்த்துவிடலாம். ஓரத்தில் கணினி மதிப்பீட்டுக் கோடு ஏறி இறங்கும். கறுப்பு வெல்கிறது என்று தெரியும். ஆனால் அதனால் ஆட்டத்தைப் பார்த்ததாக ஆகாது என்று உறுதியாகச் சொல்வேன். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் விளக்கும்போது பெரும்பாலும் பலகையில் நிகழாததைப் பற்றித்தான் பேசுகிறார். இப்படி ஆடியிருந்தால் என்ன, அதை ஏன் ஆட முடியவில்லை என்று. தாக்குதல் ஆட்டத்தின் அழகில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தொடக்கம் செமி-ஸ்லாவ் என்ற முறை, அதில் மெரான் வகை. அதை விரைவாகக் கடந்துவிடுவோம். 12ஆவது நகர்வில் அரோனியன் குதிரையை ஜி5க்குக் கொண்டுவந்தார் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). குறி எச்7 சிப்பாய். டி3இல் பிஷப், சி2இல் ராணி, இரண்டும் அதே கட்டத்தை நோக்கி நிற்கின்றன. யாராக இருந்தாலும் முதலில் ராஜாவின் பாதுகாப்பைத்தான் கவனிப்போம். ஆனந்த் எச்7ஐத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பலகையின் நடுவில் சி5 என்று சிப்பாயைத் தள்ளினார். அரோனியன் குதிரையால் எச்7 சிப்பாயை வெட்டினார். அந்தக் குதிரை இப்போது எஃப்8 யானையையும் எஃப்6 குதிரையையும் ஒருசேர மிரட்டுகிறது. ஆனந்தின் பதில்: எஃப்6 குதிரை ஜி4க்குப் பாய்கிறது. டி6 பிஷப்பும் அந்தக் குதிரையும் சேர்ந்து எச்2வைக் குறிவைக்கின்றன. யானையை வெட்டிக்கொள், ஆனால் உன் ராஜாவைப் பார்த்துக்கொள் என்கிறார்.

அரோனியன் எஃப்4 ஆடி அந்தப் பிஷப்பின் வழியை அடைத்தார். இங்கே கொஞ்சம் நிற்போம். ஒரு மூலைவிட்டத்தை அடைத்த அதே சிப்பாய், இன்னொரு மூலைவிட்டத்தைத் திறந்து வைத்துவிட்டது. சி5, டி4, இ3, எஃப்2, ஜி1: இந்தக் கோட்டின் முனையில் வெள்ளை ராஜா. டி4இல் சிப்பாய்களை மாற்றிக்கொண்டதும் அந்தக் கோட்டில் மிஞ்சியது ஒரே ஒரு வெள்ளைச் சிப்பாய். உடனே ஆனந்த் பிஷப்பை சி5க்கு நகர்த்தினார். விளக்கம் எழுதியவர்கள் அபாரம் என்று இரண்டு ஆச்சரியக்குறி போட்ட நகர்வு இது. அந்தப் பிஷப்பை டி4 சிப்பாய் தாராளமாக வெட்டலாம். வெட்டினால் டி7 குதிரை சி5இல் திருப்பி வெட்டும். அதனால் கறுப்பு ராணிக்கு டி வரிசை திறக்கும். டி3 பிஷப் இரண்டு பக்கமும் அடி வாங்கும், டி4இல் ராணியின் செக்கும் காத்திருக்கும்.

அரோனியன் பிஷப்பை இ2க்குப் பின்வாங்கி ஜி4 குதிரையைத் தாக்கினார். அதற்கு ஆனந்த் ஆடிய 16ஆவது நகர்வுக்காகத்தான் இந்த ஆட்டத்தை உங்களிடம் கொண்டுவந்தேன். டி7 குதிரை இ5க்கு வருகிறது. பலகையைப் பாருங்கள். எஃப்8 யானை, சி5 பிஷப், ஜி4 குதிரை, இ5 குதிரை என்று கறுப்பின் நான்கு காய்கள் வெட்டுப்படும் நிலையில் நிற்கின்றன!

இ5 குதிரையை எஃப் சிப்பாயால் வெட்டிப் பார்ப்போம். டி4 சிப்பாயால் வெட்ட முடியாது, அது நகர்ந்தால் வெள்ளை ராஜாவுக்கே செக். எஃப் சிப்பாய் வெட்டியதும் கறுப்பு ராணி டி4ஐ வெட்டிச் செக் சொல்கிறது. ராஜா எச்1க்கு ஒதுங்குகிறது. இப்போது ராணி நேரே ஜி1இல், ராஜாவின் மடியிலேயே போய் உட்காருகிறது. பின்னால் சி5 பிஷப் காவல் இருப்பதால் ராஜாவால் அதைத் தொட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டியதும் ஜி4 குதிரை எஃப்2க்கு வந்து செக்மேட். ராஜாவைச் சுற்றி அதன் சொந்தக் காய்களே சுவர் எழுப்பி நிற்கின்றன.

ராணியைக் கொடுத்துக் குதிரையால் முடிக்கும் இந்த முடிவு பலகையில் நிகழவில்லை. அரோனியன் அதைக் கண்டார், விலகினார். நான்கு காய்களும் துணிந்து நிற்பதற்குக் காரணம் ஆடப்படாத அந்த நகர்வுதான். மதிப்பீட்டுக் கோடு இதைச் சொல்லாது. ஒரு மனிதர் நிறுத்திச் சொன்னால்தான் நமக்குக் கிடைக்கும்.

அரோனியன் ஜி4 குதிரையை பிஷப்பால் வெட்டினார். கறுப்பு பிஷப் டி4இல் செக் கொடுத்தது, ராஜா எச்1க்குப் போனது, இ5 குதிரை ஜி4இல் திருப்பி வெட்டியது. வெள்ளைக் குதிரை எஃப்8 யானையையும் விழுங்கியது. அதைத் திருப்பி வெட்டத்தான் எவருக்கும் கை போகும். ஆனந்த் அமைதியாக எஃப்5 என்று சிப்பாயைத் தள்ளினார். சி2 ராணி எச்7க்கு வரும் பாதை அடைபட்டது, ஜி4 குதிரைக்கும் காவல் கிடைத்தது. தாக்குதல் என்றால் செக் மேல் செக் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த நகர்வைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். மற்ற இரண்டையும்விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

அடுத்த சில நகர்வுகளில் வெள்ளை எச்3 ஆடியது, கறுப்பு ராணி எச்5க்கு வந்து நின்றது. கடைசி நகர்வு, பிஷப் இ3. எச்3 சிப்பாயை டி3இலிருந்து காத்துநின்ற வெள்ளை ராணியின் பார்வையை அது மறைத்துவிட்டது. அடுத்து கறுப்பு ராணி எச்3இல் வெட்டினால், பி7 பிஷப் நீள மூலைவிட்டத்தில் பிடித்து வைத்திருக்கும் ஜி2 சிப்பாயால் திருப்பி வெட்ட முடியாது. அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்த யோசனைகள் 2012இல் மாஸ்கோவில் இஸ்ரேலின் போரிஸ் கெல்ஃபாண்டுடன் நடந்த உலக சாம்பியன் போட்டிக்கான தயாரிப்பில் பிறந்தவை என்று ஆனந்த் சொல்லியிருக்கிறார். தயாரிப்புதானே என்று சிலர் இதைக் குறைத்துப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதங்கள் கழித்து, கடிகாரம் ஓடும்போது, எதிரில் அரோனியன் அமர்ந்திருக்கும்போது, நான்கு காய்களை வெட்டக் கொடுத்துவிட்டு நிற்பதற்கு நினைவாற்றல் மட்டும் போதாது.

ஆட்டம் முடிந்ததும் ஆனந்த் நினைவுகூர்ந்தது அந்தக் காலத்துப் போலந்து மேதை அகிபா ரூபின்ஸ்டைனை. 1907இல் லோட்ஜ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்திலும் இதே படைதான்: பி7இலும் பி6இலும் இரண்டு பிஷப்புகள், ஜி4இல் குதிரை, மூலையில் வெள்ளை ராஜா. மெரான் தொடக்கமும் ரூபின்ஸ்டைன் 1924இல் மெரான் நகரில் ஆடிக்காட்டியதால் பெயர் பெற்றதே.

அந்த 1907 ஆட்டத்தின் ஒரு நிலையை இப்போது திரையில் வைத்திருக்கிறேன். வெள்ளை 22ஆவது நகர்வாக ஜி3 ஆடியிருக்கிறது. எச்4இல் நிற்கும் கறுப்பு ராணி வெட்டுப்படும் நிலையில் இருக்கிறது. சி8இலும் டி8இலும் கறுப்பு யானைகள். கறுப்பு ஆட வேண்டும். ராணியை நகர்த்தாமல் என்ன செய்யலாம் என்று யோசியுங்கள். விடை தெரிந்தவர்கள் நகர்வை மட்டும் சொல்ல வேண்டாம், வெள்ளை எந்தெந்தக் காயால் வெட்டலாம், வெட்டினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து தொடங்குவோம்.