காடு வேண்டுமா? முதலில் மூன்று வரிசை மரத்தை வெட்டுங்கள்!

[காட்சி: ஹந்தானைச் சரிவு, பைனஸ் வரிசைகள், மூடுபனி]

வணக்கம் உறவுகளே! ஹந்தானை மலையின் பைனஸ், அதாவது பைன் மரங்களுக்கு நடுவே நின்று கல்யாண அல்பத்துக்குப் படம் எடுக்காத கண்டி ஜோடி யாராவது இருந்தால் கொமண்டில் வந்து கையைத் தூக்குங்கள். பார்க்கலாம்.

அழகான இடம்தான். ஆனால் அதைக் காடு என்று சொன்னால் வனவியல் படிப்பவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கயிறு பிடித்து வரிசையாக நட்ட தோட்டம் அது. தேயிலைக்குப் பதில் பைனஸ், அவ்வளவுதான். இந்த மாதிரித் தோட்டத்தை நிஜக் காடாக மாற்ற முடியுமா என்று நம் இலங்கையில் முப்பது வருடங்களுக்கு மேலாக ஆய்வு நடக்கிறது. அதில் கிடைத்த விடை பலருக்குப் பிடிக்காது: மரத்தை வெட்டு. அதுவும் வரிசை வரிசையாக.

ஓடிவிடாதீர்கள், சொல்கிறேன்.

[திரையில்: பழைய கோப்பித் தோட்டப் படங்கள், வேகமாக]

முதலில் வரலாறு, ஒரே மூச்சில். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக மலைக்காடு போனது. 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது, அப்புறம் கோப்பியும் போனது, தேயிலை வந்தது. 1873 இல் லண்டன் கியூ பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலே இருக்கும் காட்டைத் தொடாதீர்கள் என்று எழுதினார். அவர் புண்ணியம், மேலே கொஞ்சம் மிஞ்சியது. கீழே மண் செத்த மலைகளைக் கைவிட்டார்கள், மானாப்புல் என்ற உயரமான காட்டுப்புல் ஏறியது. 1970, 80களில் அந்தப் புல்மேடுகளில் பைனஸ் நட்டார்கள். வரலாறு முடிந்தது. பரீட்சைக்குப் போதாது, வீடியோவுக்குப் போதும்.

ஏன் பைனஸ்? ஊர் மரம் எதுவும் பிடிக்காத மண்ணிலும் அது பிடித்துக்கொள்ளும். கரிபியன், மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். ஆனால் இந்த வீரனுக்கு ஒரு இரகசியம் உண்டு. தனியாக விட்டால் தேறாது. அதன் வேரோடு ஒட்டி வாழும் ஒரு பூஞ்சை வேண்டும். பூஞ்சை மண்ணிலிருந்து பொஸ்பரஸைப் பிடித்துக் கொடுக்கும், மரம் பதிலுக்குச் சீனி கொடுக்கும். போர்டோ ரிக்கோ தீவில் பைனஸ் நட்டுப் பார்த்தபோது கன்றுகள் மஞ்சளாகி, குட்டையாகி நின்றன. உரம் இல்லாததாலா, வெயிலாலா என்று மண்டையை உடைத்தார்கள். 1950களில் அமெரிக்க பைன் காட்டு மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து போட்டதும் கன்றுகள் கிடுகிடுவென ஏறின. அந்த மண்ணில்தான் பூஞ்சை இருந்தது. மரத்தை மட்டும் ஏற்றுமதி செய்து, அதன் கூட்டாளியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்!

சரி, வெட்டுகிற கதைக்கு வருவோம்.

[காட்சி: பைனஸ் நிழலில் சிறு கன்றுகள்]

நம் மழைக்காட்டுப் பெரிய மரங்களின் கன்றுகளுக்கு ஒரு பிடிவாதம். திறந்த வெயிலில் நட்டால் கருகும். முழு இருட்டில் நட்டால் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். மானாப்புல்லுக்கு நடுவில் நட்டால் புல் அமுக்கிவிடும், மிஞ்சியதைக் காட்டுத்தீ பார்த்துக்கொள்ளும். ஆனால் பைனஸ் நிழலில் மானாப்புல் தளர்ந்துவிடுகிறது, ஊசி இலைகளுக்கு இடையில் வெளிச்சமும் கொஞ்சம் இறங்குகிறது. இதை வைத்து ஒரு யோசனை வந்தது: பைனஸைச் செவிலித்தாயாக வைத்து அதன் மடியில் ஊர் மரத்தை வளர்த்தால் என்ன?

1991 இல் சிங்கராஜ மழைக்காட்டின் எல்லையில் இருந்த பைனஸ் தோட்டத்தில் இதைத் தொடங்கினார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிமல், சாவித்திரி குணதிலக தம்பதி, யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டன், அவர்களோடு மாணவர்கள். சில இடங்களில் பைனஸை அப்படியே விட்டார்கள், சில இடங்களில் ஒரு வரிசை வெட்டினார்கள், சில இடங்களில் பக்கத்துப் பக்கத்து மூன்று வரிசை. நடுவில் மழைக்காட்டு மரக்கன்றுகள். 1997 இல் முடிவு வெளிவந்தது. பெரும்பாலான மரங்கள் நன்றாக வளர்ந்தது மூன்று வரிசை வெட்டிய இடத்தில். பைனஸ் நிழலை அப்படியே வைத்த இடத்தில் கன்றுகள் மந்தம்.

ஆக, பைனஸை ஒரேயடியாக மொட்டை அடிப்பதும் தப்பு, கும்பிட்டு வைத்துக்கொள்வதும் தப்பு. இது என் கருத்து, சண்டை போட விரும்புபவர்கள் கீழே வரலாம்.

ஆனால் இதை அப்படியே பதுளைக்கோ நுவரெலியாவுக்கோ தூக்கி வைக்க முடியாது. சிங்கராஜ தாழ்ந்த இடம், வருடம் முழுவதும் மழை, பக்கத்திலேயே விதை கொடுக்க மூத்த காடு. ஊவாப் பக்கம் ஆடி, ஆவணியில் காய்ந்து கிடக்கும். உதிர்ந்த ஊசி இலை மெத்தை தீப்பிடிக்க ஒரு பீடித் துண்டு போதும். ஹோட்டன் சமவெளி உயரத்திலோ மரங்களே வேறு, குளிர் வேறு. அதனால் ஒவ்வொரு மலைக்கும் யாராவது ஒரு முதுமாணி மாணவர் போய் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.

அளப்பது என்றதும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வந்துவிட்டது. பொறுமை இல்லாதவர்கள் இரண்டு நிமிடம் தள்ளிவிட்டுப் பாருங்கள், எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

[திரையில்: மரத்தைச் சுற்றிய அளவு நாடா, நெருக்கமாக]

மரம் எவ்வளவு பருமன் என்று எப்படி அறிவீர்கள்? விட்டம் வேண்டும். விட்டத்துக்கு மரத்தை வெட்ட முடியாதே! அதற்கு ஒரு நாடா இருக்கிறது. தையல்காரர் நாடா மாதிரித்தான், மரத்தின் இடுப்பைச் சுற்றிப் பிடிப்பது. ஆனால் அதில் 1 என்று எழுதிய கோடு உண்மையில் 3.14 சென்டிமீட்டரில் இருக்கும். 2 என்பது 6.28 இல். சுற்றளவைப் பை என்ற எண்ணால் வகுக்கும் வேலையை நாடா அச்சடித்தவரே செய்துவிட்டார். மாணவர் சுற்றிப் பிடித்து வாசித்தால் விட்டம் கையில். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர் இந்த நாடாவைக் காட்டியிருந்தால் நான் அன்று தூங்கியிருக்க மாட்டேன்.

அடுத்து, எந்த உயரத்தில் சுற்றுவது? மார்பு உயரத்தில் என்று வைத்திருக்கிறார்கள். யாருடைய மார்பு? இங்கேதான் வேடிக்கை. நாம் பிடிப்பது 1.3 மீட்டரில். அமெரிக்காவில் நாலரை அடி, அதாவது 1.37. நியூசிலாந்தில் 1.4. ஜப்பானில் 1.2. உலகமே கூடி ஒரு நெஞ்சை ஒப்புக்கொள்ள முடியவில்லை!

சமதரையில் இதுவே தலைவலி. நம் மலையில்? மரத்துக்கு மேல்பக்கம் நின்று 1.3 மீட்டர் அளந்தால் ஒரு இடம், கீழ்ப்பக்கம் நின்றால் வேறு இடம். மேல்பக்கத்திலிருந்து அளப்பதுதான் முறை. இது தெரியாமல் அடுத்த முறை வருபவர் கீழே நின்று அளந்தால், அடிமரம் தடித்திருப்பதால் மரம் திடீரென்று பருத்துவிடும். அதற்கடுத்தவர் முறையாக அளந்தால் மரம் மெலிந்துவிடும். மரம் மெலியுமா? நோட்டில் மெலியும். இதற்காகத்தான் அளந்த இடத்தில் பெயின்ற் கோடு போடுகிறார்கள். எண் அடித்த அலுமினியத் தகட்டைக் கோட்டிலிருந்து தள்ளி ஆணியடிக்கிறார்கள், ஏனென்றால் ஆணி பட்ட இடம் வீங்கும், வீக்கத்தை வளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்வளவையும் மழையில், காலில் அட்டையோடு செய்ய வேண்டும்.

[காட்சி: அலுமினியத் தகடு, மங்கிய எண்]

இப்போது நிஜமான சிக்கல். முதுமாணி இரண்டு வருடம். இரண்டு வருடத்தில் மலைக்காட்டு மரம் நாடாவில் தெரிகிற அளவுக்கு வளர்ந்தாலே பெரிய விஷயம். மாணவர் பட்டம் வாங்கி, சட்டத்தில் போட்டு, லயத்து வீட்டுச் சுவரிலோ கொழும்பு வீட்டுச் சுவரிலோ மாட்டும்போது அந்தக் கன்று முழங்கால் உயரம்தான். பதில் வருவது அடுத்தவர், அதற்கும் அடுத்தவர் கையில். சிங்கராஜவில் 25 ஹெக்டயர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, இரண்டு லட்சத்துக்கு மேல், 1990களிலிருந்து திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். புதிய மாணவர் அதற்குள் போனால் முன்னால் வந்தவர்களின் அளவுகள் அவருக்காகக் காத்திருக்கும். மலையகத்தின் பைனஸ் சரிவுகளுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்பது என் கட்சி. பணம் இரண்டு வருடத் திட்டங்களுக்குத்தான் கிடைக்கிறது, மரத்துக்கு அது புரிவதில்லை.

இடையில் ஒன்று. தோட்டத்தில் பெரியவர்கள் "பைனஸ் வந்த பிறகு ஊற்று வத்திப்போச்சு" என்பார்கள். படித்தவர்கள் சிலர் சிரிப்பார்கள். சிரிக்காதீர்கள். புல்வெளியில் பைன் நட்டால் ஓடையில் நீர் குறையும் என்று தென்னாப்பிரிக்காவில் பல வருடம் அளந்து காட்டியிருக்கிறார்கள். உங்கள் மலையில் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல அந்த ஓடையை யாராவது அளந்திருக்க வேண்டும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கைமாரே, தம்பிமாரே, ஆய்வுத் தலைப்புத் தேடி அலைய வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். விறகுக்கோ, படம் எடுக்கவோ போகும்போது மரத்தில் எண் போட்ட சின்னத் தகடு கண்டால் பிடுங்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு ரூபாய்கூடத் தர மாட்டார்கள். தகடு விழுந்து கிடந்தால் எடுத்து அதே மரத்தடியில் வையுங்கள், பக்கத்து மரத்தடியில் அல்ல. உங்கள் ஊர் பைனஸ் மலைக்குள் ஊர் மரம் ஏதாவது தானாக முளைத்திருந்தால் படம் எடுத்து, இடத்தின் பெயரோடு கொமண்டில் போடுங்கள். தாத்தா பாட்டி அந்த மரத்துக்கு என்ன பெயர் சொல்வார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.