விழுந்த பிறகு கேட்கும் கணக்கு

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். மண்டபத்தில் இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றுகிறது. ஆகவே சுருக்கமாகப் பேசப் பார்க்கிறேன். கேள்வி இதுதான்: ஆபத்தான விளையாட்டில் காயப்பட்டவனுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சிகிச்சை கொடுக்க வேணுமா?

போன வருஷம் என் அக்காவின் மகன் நண்பர்களோடு கித்துல்கலவுக்குப் போனான். களனி கங்கையில் ரப்பர் படகு விட்டார்கள். அப்புறம் பாறையிலிருந்து தண்ணீருக்குள் குதிக்கிற விளையாட்டு. எல்லோரும் குதித்தார்கள். இவன் குதித்த இடம் பிழையாகிவிட்டது, கணுக்கால் நொறுங்கியது. கொழும்பில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவு வார்ட்டில், ஐந்து நாள் அவனோடு நானும் இருந்தேன். அடுத்த கட்டிலில் ஒரு பெயின்ட் பாஸ். தொடர்மாடி ஒன்றின் வெளிச்சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தவர். விரல் நகங்களில் இன்னும் இளம்பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

வார்ட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவன் வேறு என்ன செய்வான்? கட்டிலில் தொங்கும் நோயாளி விவர டிக்கெட்டை வாசிப்பான். இரண்டு பேருடைய டிக்கெட்டிலும் காரணம் ஒரே வரிதான்: உயரத்திலிருந்து விழுந்தது. ஒருவன் காசு கொடுத்து ஏறியவன், மற்றவர் காசுக்காக ஏறியவர். டிக்கெட்டில் அதற்கு இடம் இல்லை.

பார்க்க வந்த என் மைத்துனர்தான் இந்தப் பேச்சையே தொடக்கி வைத்தார். "இவன் துள்ளி விளையாடினதுக்கு நான் ஏன் வரி கட்ட வேணும்? இப்படிப்பட்ட விளையாட்டுக்குப் போறவன் தனியார் காப்புறுதி எடுத்துக்கொண்டு போகட்டும்" என்றார். அது மடத்தனமான கேள்வி இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில், ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல், வெளி பாமசியில் மருந்து வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்த காலத்தை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். இருக்கிறதே கொஞ்சம், அதை யாருக்குக் கொடுப்பது என்று கேட்கத்தான் தோன்றும்.

ஆனால் மைத்துனரிடம் நான் கேட்டது இது: அந்த ரப்பர் படகில் ஒரு வழிகாட்டி இருந்தாரே, அதே பாறை, அதே தண்ணீர், அவருக்கு அது தொழில். அவர் கால் முறிந்தால் இலவசம், இவன் கால் முறிந்தால் காப்புறுதி அட்டையா? முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கடலட்டைக்குச் சுழியோடுகிறார்கள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் வாயுக் குமிழி கட்டி, கைகால் இழுத்துப் போனவர்கள் உண்டு. திருகோணமலையில் அதே கடலில் உல்லாசப் பயணியும் சுழியோடுகிறார். எல்லாவற்றையும் விடுங்கள். நாட்டில் மோட்டார் சைக்கிளைவிட ஆபத்தான விளையாட்டு என்ன இருக்கிறது? வீதி விபத்துகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். அதில் ஏறி வேலைக்குப் போகிறவனை என்ன சொல்வது?

சரி, காப்புறுதிக்கு வருவோம். மருமகனிடம் அது இல்லாமல் இல்லை, கந்தோரில் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். படிவம் நிரப்பி அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது: ஆபத்தான விளையாட்டுகள் ஒப்பந்தத்தில் சேராது. தேடிப் பார்த்தால், பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. எதற்குக் காப்புறுதி வேண்டும் என்கிறோமோ, அதைத்தான் முதலில் விலக்கி வைக்கிறார்கள்.

நமக்கு 1951 ஒரு சுவாரசியமான வருஷம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது அந்த வருஷத்தில்தான். 1934–35 மலேரியாவில் கிராமம் கிராமமாக மக்கள் செத்ததையும், 1931இல் எல்லோருக்கும் கிடைத்த வாக்குரிமையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது ஏன் வந்தது என்று விளங்கும். அதே 1951இல்தான் மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் வந்தது. வாகனம் வைத்திருப்பவன் மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். அது நான் இடித்துவிடும் மற்றவனுக்காக. அதை வண்டி வீதியில் இறங்குவதற்கு முன்னமே வாங்கிவிடுகிறார்கள். வார்ட்டில் வந்து கேட்பதில்லை.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? சுவிட்சர்லாந்தில் கட்டாய விபத்துக் காப்புறுதி இருக்கிறது. மோட்டார் பந்தயம் போன்ற அளவுக்கு மிஞ்சிய துணிச்சலில் காயப்பட்டால், சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைக்கும் பணத்தைப் பாதியாக வெட்டுவார்கள். சிகிச்சைச் செலவில் கை வைக்கமாட்டார்கள். நியூசிலாந்தில் 1974 முதல் யார் பிழை என்றே கேட்காமல் விபத்துக்குச் சிகிச்சை, சுற்றுலாப் பயணிக்குங்கூட. அந்தப் பணத்தில் ஒரு பங்கு வாகனப் பதிவோடும் பெற்றோலோடும் சேர்ந்து வருகிறது. மோட்டார் சைக்கிளுக்கு அதிகம். 2009இல் அதை இன்னும் கூட்டப் போனபோது, ஆயிரக்கணக்கானோர் வெலிங்டன் நாடாளுமன்றத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்களோடு வந்து நின்றார்கள். அவர்கள் சண்டை போட்டது எவ்வளவு கட்டுவது என்பதற்காக.

என் பக்கம் இதுதான். காசு வாங்குங்கள், ஆனால் ஆபத்தை விற்கிறவரிடம் வாங்குங்கள். படகு விடுகிறவர், பந்தயம் நடத்துகிறவர், அலைப்பலகை வாடகைக்குக் கொடுக்கிறவர், எல்லோரும் தங்கள் பெயரில் காப்புறுதி எடுத்து, அதை டிக்கெட் விலையில் சேர்க்கட்டும். 2024 ஏப்ரலில் தியத்தலாவையில் கார்ப் பந்தயம் பார்க்கப் போனவர்கள் மீது கார் பாய்ந்து, 7 பேர் இறந்தார்கள். வேலியோரம் நின்றவர்களைத் தனித்தனியாகக் காப்புறுதி எடுத்துக்கொண்டு வரச் சொல்ல முடியுமா? கட்டடம் கட்டுகிறவர் சாரத்துக்குப் பொறுப்பாக இருப்பதும் இதே கணக்குத்தான். பெயின்ட் பாஸைக் கூட்டி வந்த கொந்தராத்துக்காரர் ஐந்து நாளும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

வரி கட்டுகிறவன் என்று மைத்துனர் தன்னைத்தான் சொன்னார். பெயின்ட் பாஸும் சவர்க்காரம் வாங்கும்போது 18 வீத வற் வரி கட்டித்தான் வாங்குகிறார், என் மருமகனும் அப்படித்தான். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தால் முதலில் கேட்பது எங்கே இருக்கிறீர்கள் என்று. அந்த இடத்தில் காப்புறுதி இருக்கிறதா என்று இன்னொரு கேள்வி நுழைந்தால், பதில் தெரியாத ஆள் போனை வைத்துவிடுவார்.

மருமகன் இப்போது நடக்கிறான், கொஞ்சம் சாய்ந்து. வருகிற விடுமுறைக்கு அறுகம் குடாவில் அலைச்சறுக்கு என்கிறான். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. அவன் பலகை வாடகைக்கு எடுக்கப் போகும் கடைக்கு நானே போன் போட்டு, உங்களிடம் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் சந்தோஷமாக, "இருக்கு ஐயா, பிளாஸ்டர், பண்டேஜ், மருந்து எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கு" என்றார்.